மைதா கலந்த சந்தனம்

அக்டோபர் 10, வியாழன்

மில்லுக்கு ஆள் ஏற்றிவரும் ஐந்து வேன்களையும் கழுவி முடிக்க மாலை ஆகிவிட்டது. நாளை ஆயுத பூஜை. இந்த நூல் மில்லின் வண்டி ஷெட்டுக்குப் பதினேழு வருடமாக நான்தான் பொறுப்பு. மெக்கானிக் நானே, கிளீனர் நானே, வருடத்தில் ஒரு நாள் பூசாரியும் நானே. மில் கொடுக்கும் இந்த டைரியில் வழக்கமாக ரிப்பேர் குறிப்பு மட்டும் எழுதுவேன். இன்று பூஜைக் குறிப்பு.

மற்ற ஷெட்டுகளில் சந்தனத்தை வெறும் தண்ணீரில் குழைத்துப் பொட்டு வைப்பார்கள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். நான் வைத்த பொட்டு தீபாவளி வரை நிற்கும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சும் மைதாப் பசை இருக்கிறதே, அதில் இரண்டு கரண்டி எடுத்துச் சந்தனத்தோடு பிசைந்துவிட வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து மில் ஆள் இரண்டு வருடமாகக் கேட்கிறான். அவனுக்குச் சொல்லமாட்டேன்.

கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாக்களையும் நிரப்பினேன். போர் தண்ணீரில் பாத்திரம் விளக்கும் சோப்புக் கரைசல் ஒரு மூடி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கொஞ்ச நாளில் நாசில் ஓட்டையில் வெள்ளை படியும். பானெட்டின் மேலே, முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு கறுப்பு மூக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். அதைத்தான் நாசில் என்போம். டிரைவர் பொத்தானை அமுக்கினால் அவை கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அவற்றைக் குத்தி எடுக்கவே வாட்ச் வாரில் ஓர் ஊக்கு மாட்டி வைத்திருக்கிறேன். இதற்கென்று கடையில் விற்கும் நீலத் திரவத்தை வாங்கித் தரும்படி மேனேஜரை மூன்று முறை கேட்டாயிற்று. "கண்ணாடி கழுவுற தண்ணிதானே தண்டபாணி, அதுக்குமா கேனு?" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். சிரிப்புக்கும் குறைவில்லை.

நாலாம் நம்பர் வேன் டிரைவர் சவரிமுத்து கிறிஸ்தவன். பூஜைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், பொரியை மட்டும் முதல் ஆளாக வாங்கிக்கொள்வான். "அண்ணே, நம்ம வண்டிக்கு ஒரே ஒரு பொட்டுப் போதும்ணே. சாமி கோவிச்சுக்காது" என்றான்.

"எந்தச் சாமி? ஒஞ்சாமியா, எஞ்சாமியா?"

"ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்கண்ணே."

விடுவேனா? அவன் வண்டிக்கு மட்டும் இரட்டிப்பாக அப்பினேன். விளக்கு, கண்ணாடி, கதவு, ஸ்டீயரிங். மிச்சமிருந்ததை இரண்டு நாசில் மீதும் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, குங்குமமும் இட்டேன். "ஒன் வண்டிக்கு மூக்குத்தி போட்டாச்சு, இனி பொம்பள வண்டிடா" என்றேன். ஷிப்ட்டுக்கு வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தான். அவனைக் கிண்டல் செய்வது எளிது, எதற்கும் கோபப்படமாட்டான். ஓட்டும்போது போன் வந்தால்கூட ஓரமாக நிறுத்தி, கைபிரேக் போட்டுவிட்டுத்தான் எடுப்பான். அதற்கும் பெண்கள் கிண்டல்தான்.

அக்டோபர் 14, திங்கள்

இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு வண்டிகள் ஓடின. ரெஜிஸ்டரில் டிக் போட்டேன். பிரேக், டயர், விளக்கு, ஹாரன், வைப்பர், தண்ணீர் தெளிப்பு. ஐந்து வண்டிக்கும் திங்கள் முதல் சனி வரை, ஒரே மூச்சில். தினமும் பார்த்துத் தினமும் போட வேண்டும் என்பது விதி. காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்புகிற அவசரத்தில் பேனாவை எங்கே தேடுவது? திங்கட்கிழமை போட்டுவிட்டால் வாரம் முழுக்க நிம்மதி.

அக்டோபர் 15, செவ்வாய்

மாலையிலிருந்து நல்ல மழை. ஷெட் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது.

அக்டோபர் 16, புதன்

காலை ஏழரைக்கு மேனேஜர் ஷெட்டுக்கு ஓடி வந்தார். பதினேழு வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நாலாம் நம்பர் வேன் ஒரு மொபெட்டை அடித்துவிட்டது. வேனில் வந்த பெண்களுக்கு ஒன்றுமில்லை. மொபெட்டில் போனவர் பொம்மையன் என்ற பால்காரர். தலையில் அடி. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ரோட்டோரம் பாலும் சேறும் ஒன்றாக ஓடியதைப் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்குப் போனேன். சவரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் ரத்தம். அவன் ரத்தம் இல்லை, பால்காரரைத் தூக்கியபோது பட்டது.

"எதுத்தாப்புல டிப்பர் லாரிண்ணே. பள்ளத்துல எறங்கிச் சேத்தை அள்ளி அடிச்சுட்டுப் போயிட்டான். கண்ணாடி பூராம் சேறு. வைப்பரப் போட்டா மெழுகிவிட்டுருச்சு. நேரா மூஞ்சில வெயிலு. தண்ணிய அமுக்குறேன், வரல. திரும்ப அமுக்குறேன், வரல. பிரேக்க மிதிச்சேண்ணே, அதுக்குள்ள சத்தம் கேட்டுருச்சு."

"அமுக்கையில பம்ப்பு சத்தம் கேட்டுச்சா?"

"உய்யின்னு கேட்டுச்சுண்ணே. தண்ணிதான் வரல."

பம்ப் சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால் அடைப்பு நாசிலில்தான். இது தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும்.

ரைட்டர் என்னிடம், "வண்டிய டெய்லி செக் பண்றது நீங்கதானா? இன்னைக்குப் பண்ணீங்களா?" என்று கேட்டார். பண்ணினேன் என்றேன். அப்படிக் கேட்டால் வேறென்ன சொல்வது? ரெஜிஸ்டரிலும் அப்படித்தானே இருக்கிறது.

காப்பீட்டுக் காகிதம் எடுக்க வேண்டும் என்றதும் ஏட்டு என்னைப் பின்பக்கம் வேன் அருகே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். பானெட்டைப் பார்த்தேன். இரண்டு மூக்கிலும் மஞ்சளாகக் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. மழையில் குங்குமம் போயிருந்தது, சந்தனம் போகவில்லை. அழுக்கைக் கண்டால் சும்மா இருக்கிற கை இல்லை என்னுடையது. ஊக்கை எடுத்துக் குத்தினேன். எளிதில் வரவில்லை. சிறிய குச்சி மாதிரி உருண்டு வந்தது. வேட்டி நுனியால் துடைத்தேன். இது ஒரு மெக்கானிக் எந்த வண்டிக்கும் செய்கிற காரியம்தான்.

அக்டோபர் 17, வியாழன்

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்தார். நானும் சவரிமுத்துவும் பக்கத்தில் நின்றோம். பிரேக் சரி. ஸ்டீயரிங் சரி. "தண்ணி வரலன்னு சொன்னியாமே?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

இரண்டு கோடு தண்ணீர் கண்ணாடியின் நடுவே விழுந்தது. கோணம்கூடக் கச்சிதம்.

"நேத்து வரல சார்" என்றான் சவரிமுத்து.

"நேத்து வராதது இன்னைக்கு எப்படிப்பா வருது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதி இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவனை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் போனைப் பார்த்தார்களாம். காலை ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு, வண்டி அடித்த அதே நேரத்தில், வீட்டிலிருந்து ஓர் அழைப்பு, எடுக்கப்படவில்லை. அது போதுமாக இருந்தது. போனைக் குனிந்து பார்த்திருப்பான், அதை மறைக்கத் தண்ணீர் வரவில்லை என்று கதை விடுகிறான் என்கிறார்கள். டீக்கடையில் இதையே பேசுகிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

சவரிமுத்துவின் மனைவி ஜெசிந்தா நம் மில்லில்தான் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை செய்கிறாள். ஷிப்ட் முடிந்து ஷெட்டுக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அண்ணே, நாந்தாண்ணே போன் போட்டேன். கேஸ் புக் பண்ணச் சொல்றதுக்கு. ஓட்டிக்கிட்டு இருப்பாருன்னு தெரியும். மறந்தாச் சிலிண்டரு வராதேன்னு போட்டுட்டேன். அவரு போனைத் தொடலன்னு சத்தியம் பண்றாரு. என்னைய நோகடிக்கக் கூடாதுன்னு சொல்றாருண்ணே. தண்ணி வரலன்னாரு, இன்ஸ்பெக்டரு அமுக்கையில வந்துச்சாம்ல? அப்ப போனாலதானே? அந்த ஆளு பொழைக்கலன்னா நாந்தாண்ணே கொன்னது."

"அப்படியெல்லாம் பேசாதம்மா" என்றேன். நல்லது சொன்னதாகத்தான் நினைத்தேன். விபத்து நடந்த அன்றே போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாளாம்.

அக்டோபர் 21, திங்கள்

பொம்மையன் விடியற்காலையில் இறந்துவிட்டார்.

அக்டோபர் 23, புதன்

வழக்கு இப்போது உயிர்ச்சேத வழக்காகிவிட்டது. வண்டிப் பராமரிப்பு ரெஜிஸ்டரின் நகலைப் போலீஸ் கேட்டிருக்கிறது. மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ரெஜிஸ்டரை விரித்து என் பக்கம் தள்ளினார்.

"தண்டபாணி, புதன்கெழம காலைல வண்டி அடிச்சது. வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் நாலாம் நம்பருக்கு டிக் இருக்கு. வண்டி எங்கய்யா இருந்துச்சு அப்ப?"

நான் ரெஜிஸ்டரை மூடப் போனேன். அவர் கையை வைத்துத் தடுத்தார்.

"வேற நோட்டு வாங்கி இந்த மாசத்த மட்டும் புதுசா எழுதிட்டு வா. பழசக் கொளுத்திரு."

உட்கார்ந்து எழுதினேன். மூன்று பேனா மாற்றினேன். ஓரத்தில் கிரீஸ் விரலை வைத்தேன், ஒரு பக்கத்தில் டீ சிந்தினேன். அசலைவிட அசலாக இருந்தது. புதன்வரை டிக், பிறகு 'வண்டி இல்லை'. மேனேஜர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பழைய நோட்டைக் கொளுத்தினேன். விபத்து நடந்த வாரத்துப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்து இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. தீ அணைந்துபோனது என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 26, சனி

இவ்வளவும் ஆன பிறகு மேனேஜர் திரவம் வாங்க அனுமதித்தார். கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று பச்சை, எலுமிச்சை வாசனை, குலுக்கினால் நுரை கட்டியது. நுரைப்பது கூடாது, வெயிலில் காய்ந்து கண்ணாடியில் படலமாக நிற்கும், நம் பாத்திர சோப்பும் அதைத்தான் செய்தது. இன்னொன்று கலக்காமல் அப்படியே ஊற்றுவது, இத்தனை வண்டிக்குக் கட்டாது. மூன்றாவது நீலம், தண்ணீரில் கலப்பது. தேய்த்துப் பார்த்தேன், பிசுபிசுப்பு இல்லை. அதை வாங்கினேன்.

கலக்கப் போர் தண்ணீர் ஆகாது. மேனேஜர் அறை ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்தேன். அதில் உப்பே இல்லை. வேட்டித் துணியில் வடிகட்டினேன். டப்பாக்களைக் கழற்றினால் உள்ளே பாசி வழுவழுவென்று படிந்திருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். குழாய்களை வாயால் ஊதினேன். நாசில்களை வினிகரில் ஊறப்போட்டு, குத்தி, கண்ணாடியின் நடுவில் தண்ணீர் விழும்படி கோணம் திருப்பினேன். ஐந்து வண்டிகளின் பத்து மூக்குகளும் இப்போது புதுசு மாதிரி இருக்கின்றன. நாலாம் நம்பரும் திரும்பி வந்துவிட்டது, புது டிரைவர் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் மூன்று தடவை செய்தேன்.

ஏ.சி. தண்ணீர் பதினேழு வருடமாக அந்தச் சுவரோரம்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாளி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எல்லா வண்டியிலும் பொட்டு அப்படியே நிற்கிறது. உளியால் சுரண்டி எடுத்தேன்.

நவம்பர் 6, புதன்

சவரிமுத்து வந்தான். சைக்கிளில் வந்தான், இரண்டு பக்கமும் காலிப் பால் கேன். ஆள் பாதியாக இளைத்திருக்கிறான். என்னடா இது என்றேன்.

"பொம்மையன் வீட்டுப் பாலுண்ணே. மூணு மாடு வெச்சிருக்காங்க. அந்தம்மாவுக்கு ஊத்த ஆளு இல்ல. மொத நாளு போயிக் கால்ல விழுந்தேன், தொடப்பத்தால அடிச்சு வெரட்டுனாங்க. ரெண்டாம் நாளும் அடிச்சாங்க. மூணாம் நாளு கேனை எடுத்து வாசல்ல வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அதுலருந்து ஊத்திக்கிட்டு இருக்கேன்."

சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"ஒரே ஒரு தடவ வண்டில உக்காந்து பாக்கட்டுமாண்ணே?" என்று கேட்டான்.

சாவியைக் கொடுத்தேன். நாலாம் நம்பரில் ஏறி உட்கார்ந்தான். நான் முன்னால் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. பொத்தானை அமுக்கினான். நீலத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து கண்ணாடியில் விழுந்தது. முகம் மறைந்தது. வைப்பர் துடைத்ததும் தெரிந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடி வந்தது. ஏழெட்டுத் தடவை அமுக்கினான். கடைசியில் வைப்பர் துடைத்தபோது அழுதுகொண்டிருந்தான்.

"வருதுண்ணே. நல்லாத்தான் வருது" என்று இறங்கினான். "அப்ப நான் அமுக்கவே இல்லையோ என்னமோ. அமுக்குனதா நெனச்சுக்கிட்டேன் போல. போன் அடிச்சுச்சுல்ல, அதுல மூளை கலங்கிப் பாக்கெட்டத் தொட்டேனோ என்னமோ. ரெண்டு வாரமாக் கண்ண மூடுனா ரெண்டு விதமாவும் தெரியுதுண்ணே. நீங்க சொல்லுங்க, பம்ப்பு சத்தம் கேட்டுச்சுன்னு நான் அன்னைக்குச் சொன்னேனா?"

"ஞாபகம் இல்லடா" என்றேன்.

நவம்பர் 7, வியாழன்

ஞாபகம் இருக்கிறது. உய்யின்னு கேட்டுச்சு என்றான். அவன் அமுக்கினான். இரண்டு தடவை அமுக்கினான். இந்த உலகத்தில் அது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவனுக்கே தெரியாமல் போய்விட்டது. அதைச் செய்தது நான்.

ஊக்கின் முனை வளைந்திருக்கிறது. வாட்ச் வாரிலிருந்து கழற்றிவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

டிக் போடவில்லை. காலையில் எழுந்து ஒவ்வொரு வண்டியாக அமுக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மட்டும் போட்டேன். டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இருபது நிமிடம்தான் ஆனது.

நவம்பர் 18, திங்கள்

மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவரே முந்திக்கொண்டார்.

"அடுத்த திங்கள் கோர்ட்டு. சவரிமுத்து குத்தத்த ஒத்துக்கிறேன்னுட்டான். நம்ம வக்கீலு பேசி முடிச்சிட்டாரு. கொஞ்ச நாளு உள்ள இருக்க வேண்டியிருக்கும். அவன் சம்சாரத்துக்கு இங்க வேலை எங்கயும் போயிடாது, நான் பாத்துக்கிறேன்."

"சார், அன்னைக்கு அந்த நாசில்ல…"

"எந்த நாசிலு?" பேனாவைக் கீழே வைத்தார். "இன்ஸ்பெக்டரு சரின்னு எழுதியிருக்காரு. நீ சரின்னு டிக் போட்டிருக்க. புது ரெஜிஸ்டர எழுதுனதும் நீதான், நெனவிருக்கட்டும். இப்ப என்ன சொல்லணும் ஒனக்கு?"

ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு, ஏ.சி. தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 23, சனி

ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டருகே ஜெசிந்தாவைப் பார்த்தேன். கூட வந்த பெண்ணின் போன் மணி அடித்தது. ஜெசிந்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

நவம்பர் 25, திங்கள்

நேற்று எழுதக் கை ஓடவில்லை. இன்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். காலை பத்தேகாலுக்குக் கோர்ட் வாசலில், மில் வக்கீலிடம் இல்லாமல், ஜெசிந்தா கூட்டிவந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் அந்தப் பழைய பக்கத்தைக் கொடுத்தேன். நடந்ததை எல்லாம் சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சவரிமுத்து குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு நடக்கும். தடயத்தை அழித்ததற்கும் பொய்க்கணக்கு எழுதியதற்கும் என்மேலும் வழக்கு வரும், உள்ளே போக வேண்டியிருக்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். மதியம் மில்லுக்குப் போனபோது வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. ஷெட்டில் என் டிபன் பாக்ஸ் இருக்கிறது என்றேன், அவரே போய் எடுத்து வந்து கம்பி வழியாகக் கொடுத்தார்.

இனி நேற்று.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். அவன் பால் ஊற்றப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. ஜெசிந்தா சர்ச்சுப் பூசைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. டைரிக்குள்ளிருந்து பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"என்னண்ணே இது?"

"படிம்மா. நாலாம் நம்பர்னு போட்டிருக்கிற வரிசையப் படி."

பத்தாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். திங்கள். செவ்வாய். புதனில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நகர்ந்தது. வியாழன், வெள்ளி, சனி. திரும்பப் பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் போனாள்.

"வியாழக்கெழம வண்டி போலீஸ் ஸ்டேசன்ல நின்னுச்சே அண்ணே. அங்க போயி யாரு பாத்தது?"

சொன்னேன். நான் பார்க்கவில்லை, புதன்கிழமையும் பார்க்கவில்லை என்றேன். ஆயுத பூஜை அன்று மூக்குத்தி என்று சொல்லி அழுத்தி வைத்த சந்தனத்தைச் சொன்னேன். அதில் மைதாப் பசை கலந்ததைச் சொன்னேன். ஸ்டேஷனில் ஏட்டு டீ குடிக்கப் போனதும் ஊக்கால் குத்தி எடுத்ததைச் சொன்னேன். "அவன் ரெண்டு தடவ அமுக்குனான்மா. தண்ணி வரல. ஒம்போனால ஒண்ணுமில்ல. நீ எதுவும் பண்ணல" என்றேன்.

அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு ஷெட்டுக்கு வந்து ஒங்ககிட்ட அழுதேனே" என்றாள். "அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"நாளைக்குக் கோர்ட்ல இதக் குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

"மேனேஜர் கூப்பிட்டுப் பேசுனாக்க?"

கையிலிருந்த டைரியைத் திறந்தேன், மூடினேன். அதை அவள் கவனித்துவிட்டாள். உள்ளே போனாள். அரிசி சரியும் சத்தம் கேட்டது. துணி சுற்றிய போனைக் கொண்டுவந்தாள், துணியை அவிழ்த்தாள். சார்ஜரில் மாட்டி அது உயிர் வரும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். திரை வெளிச்சமானதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் போனை விடவில்லை.

"எங்கிட்டச் சொன்னது பத்தாது. அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. ஒண்ணரை மாசமாக் கண்ண மூட முடியாமக் கெடக்குறாரு. அவரு காதுல விழுந்துருச்சுன்னா அப்புறம் ஒங்களால மாத்த முடியாது."

எண்ணை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு, போனை என் வாய்க்கு நேரே பிடித்தாள். நாலைந்து தடவை மணி அடித்தது. எடுக்கமாட்டான், சைக்கிளில் இருப்பான் என்று நினைத்தேன். எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

எடுத்துவிட்டான். கேன்கள் கடகடவென்று ஆடி அடங்குகிற சத்தம். ஸ்டாண்டு போடுகிற சத்தம். பிறகு மூச்சு வாங்க அவன் குரல். ஒன்றரை மாதத்தில் அவனிடம் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

"ஜெசி? ஜெசியா? போன் போட்டுட்டியா? இரு இரு… ஓரமா நிறுத்திட்டேன். இப்ப சொல்லு."

"சவரி" என்றேன். "நான் தண்டபாணி பேசுறேன்."